கேபிள் சேனலில் வேட்பாளருக்கு ஒரு நீண்ட விளம்பரம்: சேலத்து ஆதரவாளர்களுக்கான வழிமுறை

பெரிய கட்சியின் பணபலமோ மேடைபலமோ இல்லாத ஒரு வேட்பாளரை, அவரை நன்கு அறிந்த பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தொகுதி முழுவதும் அறியச் செய்ய நினைத்தால், முப்பது வினாடி விளம்பரம் அதற்குப் போதாது. முப்பது வினாடியில் பெயரையும் சின்னத்தையும் சொல்லிவிடலாம்; ஆள் எப்படிப்பட்டவர், எந்த வேலையை எப்படிச் செய்து முடிப்பார் என்பதைச் சொல்ல முடியாது. உள்ளூர்க் கேபிள் சேனலில் எட்டு அல்லது ஒன்பது நிமிடம் ஓடும் நீண்ட விளம்பரம் அந்த இடத்தை நிரப்பக்கூடியது. அப்படியொன்றைச் சேலம் மாவட்டத்தில் எடுத்து, அதை ஒளிபரப்பலாம் என்று மாவட்டத் தேர்தல் ஊடகக் குழு தரும் சான்றைப் பெற்று, ஒளிபரப்பி, கணக்கை முடிப்பது வரையிலான வழிமுறையை இங்கே தருகிறேன். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்பதால் அதன் விதிகளைத் தனியே கேட்டறிய வேண்டும்.

இந்த வடிவம் அமெரிக்காவில் வளர்ந்தது. 1952 அதிபர் தேர்தலில் ஆட்லாய் ஸ்டீவன்சன் அரைமணி நேர உரைகளுக்காகத் தொலைக்காட்சி நேரத்தை விலைக்கு வாங்கினார். வழக்கமான நகைச்சுவைத் தொடருக்காகக் காத்திருந்தவர்கள் எரிச்சலடைந்ததுதான் பலன். 1964 அக்டோபர் 27 அன்று, அப்போது நடிகராக மட்டுமே அறியப்பட்டிருந்த ரொனால்டு ரீகன், அந்த ஆண்டின் அதிபர் வேட்பாளர் பேரி கோல்டுவாட்டருக்காக அரைமணி நேரம் பேசினார். பேசியவர் வேட்பாளர் அல்லர், ஆதரவாளர். அந்தப் பேச்சுக்குப் பின் கோல்டுவாட்டருக்கு நன்கொடை குவிந்தது, ஆனாலும் அவர் தோற்றார். 1992இல் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ராஸ் பெரோ, கையில் ஒரு குச்சியும் மேசைமேல் சில வரைபட அட்டைகளுமாக உட்கார்ந்து நாட்டின் கடனைப் பற்றிப் பேசியதை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். 2008 அக்டோபர் 29 அன்று பராக் ஒபாமா பல சேனல்களில் ஒரே நேரத்தில் அரைமணி நேரம் வாங்கி, தம்மைவிடச் சாதாரணக் குடும்பங்களின் கதைகளையே அதிகம் காட்டினார். ஆதரவாளர்கள் தாமாகவே திரண்டதற்கு எடுத்துக்காட்டு, அதே தேர்தலில் அதிபர் வேட்பாளராக முயன்ற ரான் பால்: 2007 நவம்பர் 5 அன்று ஒரே நாளில் 40 லட்சம் டாலருக்கு மேலும், டிசம்பர் 16 அன்று ஏறத்தாழ 60 லட்சம் டாலரும் அவருக்காக இணையத்தில் திரட்டப்பட்டன.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை இரண்டு: பெரோவின் எளிமை, ஒபாமாவின் சாதாரணக் குடும்பங்கள். ஆனால் அமெரிக்க ஆதரவாளர்கள் வேலை செய்யும் முறையை மட்டும் அப்படியே இங்கே கொண்டுவந்துவிடக் கூடாது. 1976இல் பக்லி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளரோடு கலந்து பேசாமல் ஆதரவாளர்கள் தனித்துச் செய்யும் செலவுக்கு அங்கே வரம்பு விதிக்க முடியாது. கலந்து பேசினால்தான் அது நன்கொடையாகக் கருதப்பட்டு வரம்புக்குள் வரும். நம் சட்டம் இதற்கு நேர் எதிர். இங்கே வேட்பாளரைக் கேட்காமல் செலவழிப்பதுதான் குற்றம்.

முதலில் கடிதம், பிறகுதான் கேமரா

பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, வேட்பாளரின் எழுத்துபூர்வமான அதிகாரம் இல்லாமல் அவருடைய வெற்றிக்காகக் கூட்டம், விளம்பரம், துண்டறிக்கை போன்றவற்றுக்குச் செலவு செய்பவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 171எச் என்று இருந்ததும் இதுவே. அப்போது அபராதம் 500 ரூபாய். பத்து ரூபாய்க்கு மிகாத செலவாக இருந்தால் பத்து நாளுக்குள் வேட்பாளரிடம் ஒப்புதல் பெற்றுக்கொள்ளலாம் என்ற சலுகையும் அதில் உண்டு. அபராதத்தை உயர்த்தியவர்கள் அந்தப் பத்து ரூபாயை மட்டும் தொடவில்லை. இன்றைக்கு அது ஒரு தேநீருக்கே போதாது என்பதால், சலுகை இருக்கிறது என்று யாரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆகவே, படப்பிடிப்புக்கு நாள் குறிப்பதற்கு முன்பே வேட்பாளரின் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தை வாங்கிவிட வேண்டும். யார் யார் செலவு செய்யலாம், எதற்காக, எவ்வளவு வரை என்பவை அதில் இருக்கட்டும். வேட்பாளருக்கு இதில் தயக்கம் வருவது இயல்பு. காரணம், நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் கணக்கில்தான் ஏறும். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய் என்று 2022இல் வரம்பு நிர்ணயிக்கப்பட்டது. இந்தத் தொகைக்குள் மேடை, வாகனம், துண்டறிக்கை, பூத் செலவு எல்லாம் அடங்க வேண்டும் என்பதால், விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்பதை அவருடைய தேர்தல் முகவரோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

பணத்தை ஆதரவாளர்கள் தனியாகத் திரட்டித் தனியாகச் சேனலுக்குக் கொடுப்பதைவிட, வேட்பாளர் தேர்தலுக்கென்று தனியாகத் தொடங்கும் வங்கிக் கணக்கில் நன்கொடையாகச் செலுத்திவிட்டு, அந்தக் கணக்கிலிருந்தே சேனலுக்கும் எடிட்டிங் ஸ்டுடியோவுக்கும் பணம் போகும்படி செய்வதே என் பரிந்துரை. பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒரே நபருக்கோ நிறுவனத்துக்கோ பத்தாயிரத்துக்கு மேல் கொடுப்பதும் காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றமாகத்தான் இருக்க வேண்டும். நண்பர் ஒருவர் கேமராவையும் டிரோனையும் இலவசமாகத் தருகிறார் என்றால், அதன் வாடகை மதிப்பும் பொருளாகப் பெற்ற உதவியாகக் கணக்கில் வரும். மனு தாக்கலுக்கு முன்பே எடுத்து முடித்த படமானாலும், பிரச்சாரத்தில் பயன்படுத்தினால் அதன் தயாரிப்புச் செலவு கணக்கை விட்டு வெளியே நிற்காது.

சிலர் கேட்பதுண்டு: வேட்பாளரைச் சேர்க்காமல், "பொதுமக்கள் சார்பில்" என்று போட்டு நாமே விளம்பரம் கொடுத்துவிட முடியாதா என்று. முடியாது. கட்சியோ வேட்பாளரோ அல்லாத ஒருவர் தேர்தல் காலத்தில் அரசியல் விளம்பரத்துக்குச் சான்று கேட்டால், அது எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆதாயம் தருவதற்காக அல்ல என்றும், அவர்கள் யாரும் அதற்குப் பணம் தரவில்லை என்றும் உறுதிமொழி அளிக்க வேண்டும். ஒன்பது நிமிடம் ஒருவரைப் புகழ்ந்துவிட்டு அப்படி உறுதிமொழி கொடுப்பது பொய்ச் சத்தியமாகிவிடும். ஒரு பாலத்தையோ ஏரியையோ பற்றி மட்டும், யாருடைய பெயரும் சின்னமும் இல்லாமல் படம் எடுக்க விரும்புகிறவர்களுக்குத்தான் அந்த வழி.

அரைமணி நேரம் ஏன் வேண்டாம்

கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் இருக்கக் கூடாது; அதிலும் வணிக விளம்பரத்துக்குப் பத்து நிமிடம், சேனல் தன்னைப் பற்றியே செய்துகொள்ளும் விளம்பரத்துக்கு இரண்டு நிமிடம். உள்ளூர்ச் சேனல்காரர் "அரைமணி ஸ்லாட் தருகிறேன், நிகழ்ச்சி மாதிரியே போட்டுவிடலாம்" என்று சொன்னால் அதில் இரட்டைச் சிக்கல் இருக்கிறது. நேர வரம்பு ஒன்று. விளம்பரத்தை நிகழ்ச்சிபோல் காட்டுவது மற்றொன்று. அந்த இரண்டாவதைத் தேர்தல் காலத்தில் "காசுக்குப் போட்ட செய்தி" என்று கருதுவார்கள். ஒளிபரப்பான 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரின் நோட்டீஸ் வேட்பாளரைத் தேடி வரும், 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும், விளக்கம் ஏற்கப்படாவிட்டால் அந்த நேரத்துக்குரிய தொகையை அவர் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். எனவே படத்தை ஒன்பது நிமிடத்துக்குள் முடித்து, திரையின் மேல்மூலையில் "விளம்பரம்" என்ற சொல் தொடக்கம் முதல் இறுதிவரை நிற்கும்படி செய்துவிட வேண்டும். சொல்வதற்கு அதற்குமேல் விஷயம் இருந்தால் இரண்டு பகுதியாக்கி வெவ்வேறு மணி நேரத்தில் போடலாம். என் அனுபவத்தில் ஒன்பது நிமிடமே நீளம்.

நாட்கணக்கு

சுயேச்சைகளுக்கும் அங்கீகாரம் பெறாத கட்சிகளின் வேட்பாளர்களுக்கும் இதுதான் கழுத்தைப் பிடிக்கும் இடம். மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் முடிந்து, இறுதிப் பட்டியல் வந்த பிறகுதான் பெரும்பாலும் அவர்களுக்குச் சின்னம் கிடைக்கும். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டம் உறுதியாகத் தருவது 14 நாள் மட்டுமே. கடைசி 48 மணி நேரம் பிரச்சாரம் இல்லை. சான்றுக்கான விண்ணப்பத்தை, வேட்பாளராக இருந்தால், ஒளிபரப்பு நாளுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும்; மற்றவர்கள் ஏழு நாள் முன்னதாக. கழித்துப் பார்த்தால் கையில் மிஞ்சுவது எட்டு, ஒன்பது மாலைப் பொழுதுகளே.

இதனால் படப்பிடிப்பும் எடிட்டிங்கும் சின்னம் கிடைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். படத்தில் சின்னம் வரவேண்டிய இடங்களை வெற்றுப் பலகையாக விட்டுவைத்து, அங்கே பேச வேண்டிய வரியை மட்டும் தனியாகப் பதிவுசெய்ய ஆளையும் ஒலிப்பதிவு அறையையும் தயாராக வைத்திருந்தால், சின்னம் ஒதுக்கிய அன்று இரவே படம் முழுமையடைந்துவிடும். மறுநாள் காலையில் விண்ணப்பம் போய்விட வேண்டும். சான்று பெற்ற படத்தில் பின்னர் ஒரு வரியை மாற்றினாலும் மறுபடி சான்று வாங்க வேண்டியிருக்கும் என்பதை எடிட்டரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும். "ஒரு சின்னத் திருத்தம்தானே" என்று அவர் நள்ளிரவில் கைவைத்துவிடுவார்.

யார் பார்க்கிறார்கள்

உள்ளூர்ச் சேனல் என்பது சேலத்துக்குப் புதிதல்ல. 1930களில் டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய ஊர் இது. பொலிமரும் இங்கே கேபிளில் தொடங்கிப் பிறகு மாநிலமெங்கும் போன சேனல்தான். ஆனால் ஒரு சேனல் எந்தெந்தப் பகுதியில் தெரிகிறது என்பதைச் சேனல் அலுவலகத்தில் கேட்டு நம்பிவிடாமல், தொகுதியின் நான்கு மூலையிலும் தெரிந்தவர் வீட்டில் பார்க்கச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். நகரத்துக் கேபிள் சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு, வீரபாண்டி என்று பல தொகுதிகளை ஒன்றாகத் தொடுகிறது. ஐந்து ரோட்டில் பார்ப்பவருக்கும் கொண்டலாம்பட்டியில் பார்ப்பவருக்கும் வேட்பாளர் வேறு. ஆகவே பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் தொகுதியின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சேர்வராயன் மலையில் நிலைமை வேறு. ஏற்காடு டவுனில் கேபிள் இருக்கிறது; ஆனால் நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் பக்கம் எஸ்டேட்டுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் கம்பி இழுத்துக் கட்டுப்படியாகாது என்பதால் பெரும்பாலும் கூரைமேல் டி.டி.எச். கிண்ணம்தான். உள்ளூர்ச் சேனல் அதில் வராது. ஏற்காடு தனித் தொகுதியில், பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட அந்த இடத்தில், போட்டியிடுபவருக்காக வேலை செய்கிறவர்கள் கேபிளை வாழப்பாடி போன்ற கீழ்நாட்டுப் பகுதிக்கு வைத்துக்கொண்டு, மலைக்கு அதே படத்தை வீடியோ வேனில் திரையிடலாம். வேனுக்குத் தனி அனுமதி வேண்டும், அதில் போடும் படத்துக்கும் முன்சான்று வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. இணையத்திலும் சமூக ஊடகத்திலும் விளம்பரமாகப் போட்டாலும் அதே சான்று தேவை. ஒரே விண்ணப்பத்தில் எல்லா ஊடகத்தையும் குறிப்பிட்டுவிட்டால் இரண்டாம் முறை அலைய வேண்டியதில்லை.

இன்னொரு நிர்வாகச் சிக்கலும் உண்டு. சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள் இருந்தாலும் மக்களவைத் தேர்தலில் அவை நான்காகப் பிரிந்துவிடுகின்றன: ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி ஆகியவை கள்ளக்குறிச்சியோடும், மேட்டூர் தருமபுரியோடும், சங்ககிரி நாமக்கல்லோடும் சேர, மீதி ஆறு மட்டுமே சேலம் மக்களவைத் தொகுதி. அதனால் மக்களவைத் தேர்தலில் ஏற்காட்டு ஆதரவாளர்கள் சேலம் கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நிற்பதற்கு முன், கள்ளக்குறிச்சித் தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலரைக் கேட்டு, எந்த மாவட்டக் குழுவிடம் விண்ணப்பம் போக வேண்டும் என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

படம் எடுத்தல்

ஒன்பது நிமிடத்தில் வேட்பாளர் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுவது இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மீதி நேரம் தொகுதி பேசட்டும். ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து, அது எங்கே தொடங்கியது, எந்த அலுவலகத்தில் நிற்கிறது, இவர் என்ன செய்வார் என்ற மூன்றையும் தெளிவாகச் சொன்னால் போதும். பத்துப் பிரச்சினைகளை அடுக்கினால் ஒன்றும் நிற்காது. எண்கள் வரும் இடத்தில் கிராபிக்ஸ் தேவையில்லை. வேட்பாளர் ஒரு அட்டையைக் கையில் பிடித்துக் காட்டினாலே பார்ப்பவர் கவனிப்பார்.

"இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று யாரிடமும் கேட்கக் கூடாது. கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி "நல்லவருங்க" என்பார்கள். "ஏனுங்கக்கா, மழை பேஞ்சா இந்த ரோட்டுல 108 வருமா?" என்று கேட்டால், வந்த நாளையும் வராத நாளையும் அவர் சொல்லத் தொடங்குவார். பேசுகிறவரிடம் படம் விளம்பரத்துக்குப் பயன்படுகிறது என்பதைச் சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குள் எடுக்கும்போது ஒலிதான் பெரும்பாடு. பாலிஷ் மெஷினின் இரைச்சலுக்கு மேல் யார் பேசினாலும் கேட்காது. பேச்சைப் பதிவுசெய்யும் நேரத்துக்கு மட்டும் அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஆனால் பற்றவைக்கிறவரை நிறுத்தச் சொல்லாதீர்கள். குனிந்த தலையோடு சுடரை ஒரு கண்ணியின் மேல் பிடித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் அவர் கூலியைப் பற்றிப் பேசுவது, நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த பேட்டியைவிட நூறு மடங்கு உண்மையாக இருக்கும். பிறகு யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பட்டறையின் ஒலியை மட்டும் தனியாகப் பதிவுசெய்து வைத்துக்கொண்டால், வெட்டு விழும் இடங்களை எடிட்டிங்கில் அதைக்கொண்டு மூடலாம். அம்மாபேட்டையில் தறி ஓடும் வீடுகளிலும் இதே முறைதான்.

மலையில் வெயில் ஏறுவதற்கு முன், காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் எடுத்துவிடுவது நல்லது. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் லென்ஸைத் துடைத்தே பொழுது போய்விடும். தேர்தல் பெரும்பாலும் சித்திரையை ஒட்டி வருகிறது. அப்போது காப்பிச் செடியில் பழம் இருக்காது. கோடை மழை விழுந்திருந்தால் வெள்ளைப் பூ இருக்கும். பழம் பறிப்பது நவம்பர் முதல் ஜனவரி வரை. யாரிடமோ வாங்கிய பழைய பழப் பறிப்புக் காட்சியைச் செருகினால், மலைக்காரர் அந்த நொடியிலேயே இது இந்த ஆண்டு எடுத்ததல்ல என்று கண்டுகொள்வார். அதன் பிறகு வேட்பாளர் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

கட்டாயமாகத் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. கோயிலையோ தேவாலயத்தையோ மசூதியையோ பிரச்சாரக் களமாகக் காட்டக் கூடாது. மதம், சாதி, மொழியின் பெயரால் வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3)ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கை, தேர்தலே செல்லாமற்போகும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் காட்சி அழகாகத்தான் இருக்கும், இருந்தாலும் வேண்டாம். பிரச்சாரத்தில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் இந்தியத் தேர்தல் ஆணையம் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், வேட்பாளர் பள்ளிப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் காட்சியும் போகட்டும். ராணுவத்தினரின் படம் கூடாது. எதிர்வேட்பாளரின் சொந்த வாழ்க்கை கூடாது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய குரலோ முகமோ இருந்தால் அதைத் திரையிலேயே குறிப்பிட வேண்டும், இல்லாமலிருப்பதே மேல். சினிமாப் பாட்டுக்கு உரிமை வாங்காமல் கை வைக்காதீர்கள். உள்ளூர் மேளக்காரர்களை அழைத்து அரைநாள் பதிவுசெய்துகொள்வது செலவிலும் குறைவு.

தொழில்நுட்பத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உள்ளூர்ச் சேனல்களில் திரையின் அடியில் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரப் பட்டை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சில நேரம் பக்கவாட்டிலும் ஒன்று முளைக்கும். பெயர், சின்னம், வாக்குப்பதிவு நாள் ஆகிய எழுத்துகளைக் கீழே வைத்தால் அவை ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்குப் பின்னால் மறைந்துவிடும். எல்லாவற்றையும் திரையின் மேல் பாதியில் வையுங்கள். பாதியில் வந்து சேர்பவர்களே அதிகம் என்பதால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெயரும் சின்னமும் வர வேண்டும்.

சான்றுக் குழுவிடம் போகும் கோப்பு

2004 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையிலிருந்துதான் இந்த முன்சான்று முறை வருகிறது. மாவட்டத்தில் இதைச் செய்வது ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. விண்ணப்பப் படிவத்தோடு படத்தின் இரண்டு பிரதிகள், சான்றொப்பமிட்ட பேச்சுவடிவம், தயாரிப்புச் செலவு, எத்தனை முறை ஒளிபரப்பு, ஒவ்வொரு முறைக்கும் என்ன கட்டணம், யாருடைய ஆதாயத்துக்காக, எல்லாப் பணமும் காசோலை அல்லது வரைவோலை மூலமே தரப்படும் என்ற உறுதி ஆகியவை இருக்க வேண்டும். சேனலிடமிருந்து 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட எழுத்துபூர்வமான கட்டணச் சீட்டை முன்கூட்டியே வாங்காமல் இந்தப் படிவத்தை நிரப்ப முடியாது.

பேச்சுவடிவத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எழுதி வைத்த ஸ்கிரிப்டைக் கொடுத்துவிடுகிறார்கள். படத்திலோ ஆட்கள் வேறுவிதமாகப் பேசியிருப்பார்கள். குழுவினர் தாளையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் என்பதால், முடிந்த படத்தைப் போட்டு நிறுத்தி நிறுத்தி, பேச்சுவழக்கை அப்படியே சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். திரையில் வரும் எழுத்துகளையும், பாட்டின் வரிகளையும், ஒவ்வொன்றும் வரும் நிமிடம் வினாடியோடு குறிக்க வேண்டும். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் தம் பேச்சுநடையில் சொன்னது கீழ்நாட்டுக்காரருக்குப் புரியாது என்றால், அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டுப் பக்கத்தில் பொதுத்தமிழில் விளக்கம் சேர்த்துவிடலாம். ஏதேனும் ஒரு பகுதியை நீக்கச் சொன்னால் வாதாடி நாளை இழப்பதைவிட நீக்கிக் கொடுப்பதே புத்திசாலித்தனம். கொள்கைப் பிரச்சினை என்று தோன்றினால் மட்டும் மாநில அளவிலான மேல்முறையீட்டுக்குப் போங்கள்.

ஒளிபரப்பும் அதன் பிறகும்

இரவு ஏழிலிருந்து பத்துவரை பெரிய சேனல்களின் சீரியல்களோடு மோத வேண்டாம்; ஸ்டீவன்சனுக்கு நேர்ந்ததுதான் நமக்கும் நேரும். தறியும் பட்டறையும் வீட்டோடு இருக்கும் தெருக்களில் பகலிலேயே தொலைக்காட்சி ஓடுகிறது. உள்ளூர்ச் சேனலின் மதியப் பழைய படத்துக்கு இடையே ஒன்று, இரவு பத்தரைக்கு மேல் ஒன்று என்று நாள்தோறும் அதே நேரத்தில் போடுவதே நல்லது. அந்த நேரத்தைத் துண்டறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்தால் பார்ப்பவர் கூடுவார்கள். துண்டறிக்கையில் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர் முகவரி இருக்க வேண்டும் என்பதை அச்சகத்தாரே நினைவூட்டுவார். பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட பகுதியையும் நாளையும் செய்தித்தாளில் பார்த்துவிட்டு ஸ்லாட்டை உறுதிசெய்யுங்கள்.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் விளம்பரம் ஓடினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சேனல் நடத்துபவர்களில் பலர் இரவு நிகழ்ச்சிகளை அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பழைய பட்டியலே விடியவிடியத் திரும்ப ஓடும். ஒப்பந்தத்திலேயே கடைசி ஒளிபரப்பின் நாளையும் மணியையும் எழுதி, அந்த மாலை ஒருவர் சேனலுக்கு நேரில் போய், கணினியிலிருந்து படம் நீக்கப்பட்டதைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

வேட்பாளரின் செலவுப் பதிவேட்டில் அன்றாடக் கணக்கு வெள்ளைத் தாளிலும், ரொக்கம் இளஞ்சிவப்பிலும், வங்கி மஞ்சளிலும் எழுதப்படுகிறது. பிரச்சார காலத்தில் செலவினப் பார்வையாளர் அதை மூன்று முறை பார்வையிடுவார். ஒவ்வொரு பார்வைக்கும் முந்தைய நாளே அதுவரையிலான விளம்பர ரசீதுகளை முகவரிடம் சேர்த்துவிட வேண்டும். முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் அவர் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் மூன்றாண்டு போட்டியிடத் தடை வரலாம், வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒரே விதி. எனவே எந்த நாள், எந்த நேரம், எத்தனை நிமிடம் ஓடியது என்று சேனல் கையெழுத்திட்டுத் தரும் ஒளிபரப்புச் சான்றை, தேர்தல் முடிந்த மறுநாளே போய் வாங்கி, ஜி.எஸ்.டி. ரசீதோடு இணைத்து முகவரிடம் கொடுங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணிக்கைக்குக் குறைவாக ஓடியிருந்தால், மீதித் தொகை வேட்பாளரின் அதே வங்கிக் கணக்குக்கே திரும்பி வர வேண்டும்.